வெள்ளையாகத் திறந்த அன்கியும் மேல்வீட்டு அக்காவின் 1,412 கார்டுகளும்

வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மேல்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். டூட்டி முடிந்து வந்து சீருடைகூட மாற்றவில்லை. "தம்பி, அன்கியைத் திறந்தா வெறும் வெள்ளையா நிக்குது. நாலு நாளா இப்படித்தான். மூணு வருஷமா சேர்த்தது. எல்லாம் போச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

அன்கி என்பது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலுமாக நாமே கார்டுகள் செய்து, திரும்பத் திரும்பப் பார்த்து மனதில் பதிய வைக்க உதவும் மென்பொருள். அந்த 'எல்லாம்' என்னவென்று சொன்னால்தான் அடுத்து நான் ஏன் அவ்வளவு நிதானமாகப் போனேன் என்பது புரியும். அக்கா திருநெல்வேலிப் பக்கம். இங்கே பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அல்சூரில் வீட்டைச் சுற்றித் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம், வார்டில் முடியாது. வலியில் இருப்பவர் தன் மொழியில்தான் சொல்வார். அதனால் வார்டில் காதில் விழுவதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அன்கியில் கார்டாகப் போட்டுவைப்பார். முன்பக்கம் 'எங்கே வலிக்கிறது?', பின்பக்கம் அதற்கான கன்னடம், தமிழ் எழுத்திலேயே 'எல்லி நோவு இதெ?'. முன்பக்கம் 'மூச்சு விடுங்கள்', பின்பக்கம் 'உசிராடி'. கூட வேலை பார்க்கும் மண்டியாக்காரப் பெண் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு வரியையும் தன் குரலில் பதிவுசெய்து கொடுத்திருக்கிறார்.

அதில் அக்கா தானாகக் கவனித்து 'ப-ஹ' என்று ஒரு டேக் வைத்திருக்கிறார். பசி என்றால் ஹசிவு, புண் என்றால் ஹுண்ணு, பல் ஹல்லு, பால் ஹாலு, பாம்பு ஹாவு. பழங்கன்னடத்தில் இவையும் 'ப'வில்தான் தொடங்கின, பின்னால்தான் 'ஹ'வாக மாறின. யாரும் சொல்லித்தராமல், நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே அந்த ஒழுங்கைப் பிடித்திருக்கிறார். இதையெல்லாம் கடையில் வாங்க முடியாது. போனால் போனதுதான்.

மேலே போனேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப், ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துவிட்டது. விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசஸரோடு சேர்ந்து வருவதுதான். அன்கியைத் திறந்தேன். விண்டோ வந்தது, மேலே தலைப்புப் பட்டை இருந்தது, உள்ளே சுத்த வெள்ளை. மெனுகூட இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதுதான் இந்தக் கோளாறின் பயமுறுத்தும் பக்கம்: எதுவும் சொல்லாமல் நிற்கும்.

"சனிக்கிழமை ராத்திரி படிச்சிட்டிருக்கும்போதே கரண்ட் போச்சு தம்பி. அதுலதான் கெட்டிருக்கும்." கூட வேலை பார்ப்பவர் ஒருவர், அன்இன்ஸ்டால் செய்து, மிச்சம் மீதி ஃபோல்டர்களையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அக்கா அதைச் செய்யவில்லை. அன்கியை அன்இன்ஸ்டால் மட்டும் செய்தால் கார்டுகள் போகாது, அவை வேறு இடத்தில் இருக்கின்றன. ஆனால் 'மிச்சம் மீதி' என்று அவர் சொன்ன ஃபோல்டர்தான் அந்த வேறு இடம். அதை அழித்திருந்தால் நான் போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

எனவே முதல் வேலை ரிப்பேர் இல்லை. பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது.

அன்கியை மூடினேன். டாஸ்க் மேனேஜரில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்; ஓடும்போது காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் கோப்பு வந்துவிடலாம். அப்புறம் விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை இருபுறமும் சதவீதக் குறி போட்டு அடித்து எண்டர் தட்டினேன். ரோமிங் ஃபோல்டர் திறந்தது. அதற்குள் 'அன்கி2'. அதற்குள் 'யூசர் 1'. அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 'கலெக்‌ஷன்' என்று தொடங்கும் ஒரே கோப்பில் அத்தனை கார்டும், எந்தக் கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்ற கணக்கும். 'கலெக்‌ஷன்.மீடியா' ஃபோல்டரில் மண்டியாக்காரப் பெண்ணின் குரல் பதிவுகள். 'பேக்கப்ஸ்' ஃபோல்டரில் அன்கி தானாகவே அவ்வப்போது எடுத்துவைக்கும் பிரதிகள், ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியும் நேரமும்.

கலெக்‌ஷன் கோப்பு 4 எம்பிக்குச் சற்று மேல். பூஜ்யம் இல்லை. பேக்கப்களில் கடைசியானது சனிக்கிழமை சாயங்காலத்தியது. ஒரு குரல் பதிவைத் தட்டினேன், 'ஹசிவாகிதெயா?' என்று கேட்டது. பசிக்கிறதா என்று அர்த்தம். அக்கா சாப்பிடாமல்தான் நின்றுகொண்டிருந்தார்.

'அன்கி2' ஃபோல்டரை அப்படியே முழுசாகப் பென்டிரைவில் காப்பி எடுத்தேன். இது முடியும்வரை வேறு எதையும் தொடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். யாருக்குச் செய்தாலும் இதேதான்.

கோப்பு இருக்கிறது, சரி. அது கெட்டுப்போகாமல் இருக்கிறதா? இங்கேதான் ஒரு வழி கிடைத்தது. அன்கியைத் திரும்பத் திறந்து, வெள்ளை விண்டோவைக் கிளிக் செய்து, விசைப்பலகையில் 'பி' எழுத்தைத் தட்டினேன். அன்கியில் 'பி' என்றால் எல்லாக் கார்டுகளையும் பட்டியலாகக் காட்டும் பிரவுஸ் விண்டோ. இன்னொரு விண்டோ வந்தது. அதுவும் வெள்ளை. ஆனால் தலைப்புப் பட்டையை வரைவது அன்கி இல்லை, விண்டோஸ். அன்கி அதற்கு எழுத்தை மட்டும் கொடுக்கும். அந்தப் பட்டையில், பிரவுஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 1412 கார்டுகளில் 1 தேர்வாகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அக்கா, இந்த நம்பரைப் பாருங்க."

குனிந்து படித்தார். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அந்த எண்ணைப் போட வேண்டுமென்றால் அன்கி கோப்பைத் திறந்து, படித்து, எண்ணியிருக்க வேண்டும். ஆக நிரல் உயிரோடு இருக்கிறது, கார்டுகளும் இருக்கின்றன. திரையில் வரைவது மட்டும்தான் நடக்கவில்லை. கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போதே தோன்றியது. (இந்த நிலையில் தெரியாமல்கூட 'ஒய்' தட்டாதீர்கள். அது சிங்க், அதாவது இணையத்தில் இருக்கும் பிரதியோடு ஒத்திசைப்பது. கண்ணுக்குத் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஆகிவிடும்.)

ஆட்-ஆன் (அன்கியோடு கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) ஏதாவது குழப்பம் செய்கிறதா என்று ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி அன்கியைத் திறந்து பார்த்தேன். அப்படித் திறந்தால் ஆட்-ஆன்கள் இல்லாமல் வரும். மாற்றம் இல்லை. விட்டுவிட்டேன்.

"கரண்ட் போனதைத் தவிர அன்னைக்கு வேற என்னக்கா செஞ்சீங்க?" என்று கேட்டேன். யோசித்தார். ஞாயிறு காலை அன்கியைத் திறந்ததும் புதுப் பதிப்பு வந்திருப்பதாகச் சொன்னது, சரி என்று இறக்கிப் போட்டேன் என்றார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தேன். பழைய இன்ஸ்டாலர் 2.1.49, மூன்று வருடம் முன்பு போட்டது. பக்கத்திலேயே புதியது, 24.11. அன்கியில் 23.10 முதல் ஆண்டும் மாதமுமே பதிப்பு எண் என்பதால், இது 2024 நவம்பர் பதிப்பு. பெயரின் கடைசியில் 'க்யூட்டி6' என்று இருந்தது.

அன்கி பார்க்கச் சின்னதாக இருந்தாலும் இரண்டு பாதியாகத்தான் வேலை செய்கிறது. கார்டுகளை வைத்துக்கொள்வதும் நாள் கணக்குப் போடுவதும் ஒரு பாதி. திரையில் காட்டுவது இன்னொரு பாதி. காட்டுவதற்கு க்யூட்டி என்ற கருவித்தொகுப்பையும், அதற்குள்ளிருக்கும் குரோமியம் பிரவுசரையும் பயன்படுத்துகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு கார்டும் உண்மையில் ஒரு சின்ன வலைப்பக்கம். அந்தப் பக்கம் கிராபிக்ஸ் சிப்பின் உதவியோடு வரையப்படுகிறது. 2.1.49 ஓடியது க்யூட்டி 5-இல். புதியது க்யூட்டி 6-இல். வரையும் முறை மாறிவிட்டது, அக்காவின் கம்ப்யூட்டரில் அந்த சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரோ பல வருடப் பழசு. புது முறையில் கேட்டதை அதனால் வரைந்து கொடுக்க முடியவில்லை. யார் மீதும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலவசமாக, மூல நிரலோடு, 2006 முதல் இன்றுவரை வந்துகொண்டிருக்கிற மென்பொருள் இது. அந்தப் பழைய பெட்டியும் தன் வயதுக்கு மீறித்தான் உழைக்கிறது.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். முடியும், ஆனால் நேராகப் பழையதைப் போட்டுவிடக் கூடாது. புதுப் பதிப்பு திறந்த கோப்பைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கலாம். அதற்கென்றே புரொஃபைல் திரையில் டவுன்கிரேடு செய்து வெளியேறும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அந்தத் திரைக்குப் போகும் மெனுவே தெரியாதபோது என்ன செய்ய? அதனால் வேறு வழிக்குப் போனேன்.

அந்த வழி, கிராபிக்ஸ் சிப்பை நம்பாமல் ப்ராசஸரையே வரையச் சொல்வது. 'அன்கி2' ஃபோல்டருக்குள் (யூசர் 1-க்குள் அல்ல, அதற்கு வெளியே) ஒரு சின்னக் கோப்பு வைத்தால் போதும். அதன் பெயர் ஜிஎல்டிரைவர்6. ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது, ஜி, எல், அப்புறம் டிரைவர் என்ற சொல், கடைசியில் 6 என்ற எண். க்யூட்டி 5 பதிப்பாக இருந்தால் அந்த 6 வேண்டாம். கோப்புக்குள் சாஃப்ட்வேர் என்ற ஒரே ஆங்கிலச் சொல், அதுவும் சின்ன எழுத்தில்.

ஐந்து நிமிட வேலை. எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோப்பை வைத்தும் சரியாகவில்லை என்று கைவிடுகிறவர்களுக்கு இதில் ஒன்றுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் நோட்பேடைத் திறந்து, சொல்லை அடித்து, அந்தப் பெயரில் சேவ் செய்தேன். அன்கியைத் திறந்தேன். வெள்ளை.

நோட்பேடில்தான் ஏதோ சேர்ந்துவிட்டது, கட்டளையாகவே கொடுத்துவிடலாம் என்று ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து பவர்ஷெல்லைத் திறந்தேன், அந்த நீல விண்டோ. ஃபோல்டருக்குள் போய், எக்கோ கட்டளையால் அந்தச் சொல்லை ஜிஎல்டிரைவர்6 என்ற கோப்புக்குள் எழுதவைத்தேன். அன்கியைத் திறந்தேன். மறுபடியும் வெள்ளை.

அக்கா அதற்குள் சாப்பிட்டு வந்து, எனக்கும் ஒரு தட்டில் இரண்டு தோசை வைத்துவிட்டுப் போனார். தோசையைப் பிட்டுக்கொண்டே ஃபோல்டரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஜிஎல்டிரைவர்6 என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது. வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்ததும் தெரிந்துவிட்டது: நோட்பேடில் செய்ததன் வாலில் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்துவிடும். நம் கண்ணுக்குப் பெயர் சரி, அன்கியின் கண்ணுக்கு அது வேறு கோப்பு.

சரி, பவர்ஷெல்லில் செய்த மற்றதற்கு வால் இல்லையே, அது ஏன் வேலை செய்யவில்லை? இரண்டையும் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் பார்த்தேன். நோட்பேடு கோப்பு 8 பைட். சாஃப்ட்வேர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எட்டு எழுத்து, கணக்கு சரி. பவர்ஷெல் கோப்பு 22 பைட்.

எட்டு எழுத்துக்கு எப்படி 22? விண்டோஸ் 10-இல் கூடவே வரும் பவர்ஷெல் 5.1, இப்படிக் கோப்புக்குள் தள்ளும்போது ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் எழுதுகிறது, யூடிஎஃப்-16 என்ற முறையில். எட்டு எழுத்துக்கு 16. வரி முடிவுக் குறி இரண்டும் தலா இரண்டு பைட், ஆக 4. தலையில் இது இந்த முறையில் எழுதியது என்று சொல்லும் அடையாளம் 2. கூட்டினால் 22. அன்கி எதிர்பார்ப்பது சாதாரண யூடிஎஃப்-8. நோட்பேடில் திறந்தால் இரண்டு கோப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். பைட்டை எண்ணினால்தான் வித்தியாசம். கறுப்பு விண்டோவான கமாண்ட் பிராம்ப்டில் இதே எக்கோவைக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

பவர்ஷெல் கோப்பை அழித்தேன். நோட்பேடு கோப்பின் வாலை நீக்கிப் பெயரை மாற்றினேன். எக்ஸ்டென்ஷனை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரித்தது, யெஸ் கொடுத்தேன்.

அன்கியைத் திறந்தேன். ஒரு நொடி வெள்ளை. பிறகு மெனு வந்தது, அதன் கீழே டெக்ஸ், ஆட், பிரவுஸ் என்ற வரிசை, அதன் கீழே 'வார்டு கன்னடம்' என்ற பெயரும் வலது பக்கம் பச்சையில் 338-உம். அன்று திருப்பிப் பார்க்க வேண்டிய கார்டுகளின் எண்ணிக்கை அது.

கூப்பிட்டேன். அக்கா வந்து நின்றபடியே ஒரு கார்டைத் திறந்தார். முன்பக்கம் 'மாத்திரை சாப்பிட்டீர்களா?'. பதிலைப் பார்க்காமல் வாயாலேயே "மாத்ரெ தகொண்ட்ரா?" என்றார். அப்புறம் ஸ்பேஸ் பாரைத் தட்டினார். ஸ்பீக்கரில் மண்டியாக்காரப் பெண்ணின் குரல் அதையே சொன்னது.

டூல்ஸ் மெனுவில் செக் டேட்டாபேஸும் ஓடவிட்டேன். குறை ஒன்றும் இல்லை என்றது. சனிக்கிழமை கரண்ட் போனதில் ஒரு கார்டுகூடக் கெடவில்லை.

மறுநாள் மாலை நேரம் இருந்ததால் ஒரு சோதனை செய்தேன். அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, அன்கியை வேண்டுமென்றே வெள்ளையாகத் திறந்து, கண்ட்ரோலோடு 'பி' தட்டினேன். பிரிஃபரன்சஸ் விண்டோ ஒழுங்காக, எழுத்தெல்லாம் தெரியத் திறந்தது. அதற்குள் பிரவுசர் பகுதி இல்லையே, அதனால் சிக்கலும் இல்லை. அதில் அப்பியரன்ஸ் பகுதியில் வீடியோ டிரைவர் என்ற தேர்வு இருக்கிறது: டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல், சாஃப்ட்வேர். அங்கேயே சாஃப்ட்வேர் வைத்து, அன்கியை மூடித் திறந்தால் முடிந்தது. ஆகவே உங்களுக்கு வெள்ளையாக வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். விண்டோவே வராமல் நின்றுபோனால் அப்போது கோப்பு வழி.

ஓபன்ஜிஎல்லும் வைத்துப் பார்த்தேன். திறந்தது, ஆனால் கார்டு திருத்தும் விண்டோவில் எழுத்து மினுங்கிக்கொண்டே இருந்தது. திரும்ப சாஃப்ட்வேருக்கே வந்துவிட்டேன். ப்ராசஸர் வரைவதால் கொஞ்சம் மெதுவாகும், பெரிய படங்கள் இருந்தால் தெரியும். அக்காவின் கார்டுகளில் எழுத்தும் குரலும்தான். வித்தியாசமே தெரியவில்லை. அந்த கிராபிக்ஸ் சிப்புக்குப் புது டிரைவரும் தேடினேன். கம்ப்யூட்டரில் இருப்பதுதான் கடைசியாக வந்தது.

338 பாக்கி இருக்கிறதே என்று அக்கா மலைத்தார். அன்கியில் நன்றாகத் தெரிந்த கார்டு பல நாள் கழித்தும், தடுமாறியது சீக்கிரமும் வரும். நான்கு நாள் விட்டால் இரண்டும் சேர்ந்து வரிசையில் நிற்கும். டெக் ஆப்ஷன்ஸில் ஒரு நாளைக்கு 120 என்று வரம்பு வைத்து, புதுக் கார்டுகளை ஒரு வாரத்துக்குப் பூஜ்யம் ஆக்கினேன். மூன்று, நான்கு நாளில் வடிந்துவிடும்.

கடைசியாக, எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் பாக்கி இருந்தது. மூன்று வருட உழைப்பு ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்திருக்கிறது. கார்டுகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் அன்கிவெப்பில் அக்காவுக்கு ஒரு கணக்கு தொடங்கினேன், அதுவும் இலவசம்தான். ஆண்ட்ராய்டு ஃபோனில் அதே கார்டுகளைப் படிக்க அன்கிட்ராய்டு செயலி போட்டேன். முதலில் கம்ப்யூட்டரிலிருந்து மேலே ஏற்றி, அது முழுசாக முடிந்த பிறகே ஃபோனில் இறக்கினேன். இந்த வரிசை முக்கியம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது, எதை வைத்துக்கொள்வது, ஏற்றுவதா இறக்குவதா என்று அன்கி கேட்கும். காலியாக இருக்கும் ஃபோனிலிருந்து ஏற்று என்று சொல்லிவிட்டால், மேலே இருக்கும் அத்தனையும் காலியாகிவிடும்.

குரல் பதிவுகள் எல்லாம் ஃபோனுக்கு இறங்கக் கால் மணி நேரம் ஆனது. பென்டிரைவை அக்கா பீரோவில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஆறேகால் பஸ்ஸில், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் 41 கார்டு முடித்துவிட்டதாக மெசேஜ் வந்தது.